பாரம் ஏறினாலும் தாழாத லாரி: கமான் பட்டை வண்டியில் உயரத்தைக் கைக்குள் வைப்பது எப்படி?

நாகர்கோவில் கோட்டாறு சந்தையில் அரிசி லாரி வந்து நிற்கும்போது கவனித்தால் தெரியும். முதல் மூட்டைகளைச் சுமட்டுத் தொழிலாளர்கள் தோளுக்கு வாகாக வாங்குவார்கள். லாரி காலியாகக் காலியாகத் தட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். கடைசி மூட்டைகளை எட்டித்தான் வாங்க வேண்டும். வடசேரி பேருந்து நிலையத்தில் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. காலிப் பேருந்தில் முதலில் ஏறும் மூதாட்டிக்குத்தான் படி மிக உயரம். பேருந்து நிரம்பி வழியும்போது தொற்றிக்கொள்ளும் கல்லூரிப் பையனுக்குப் படி தாழ்ந்து கொடுக்கிறது. யாருக்குத் தாழ வேண்டுமோ அவருக்குத் தாழ்வதில்லை.

கமான் பட்டை, அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், பூட்டிய வண்டியில் உயரத்தை ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை, பாரம்தான் தீர்மானிக்கிறது. இந்த உயரத்தை நம் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வி லாரித் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. முடியும். ஆனால் பட்டை செய்கிற வேலைகளில் ஒன்றை அதனிடமிருந்து பிடுங்கி வேறொன்றிடம் கொடுத்தால்தான் முடியும். அதைச் செய்யாமல் பட்டையைக் கூட்டியும் கட்டையை வைத்தும் பார்க்கிற வைத்தியமெல்லாம் ஒரு பாரத்துக்கு மட்டும் சரியாக இருக்கும், மற்ற எல்லாப் பாரத்துக்கும் கெடுதல் செய்யும்.

பட்டைக்கட்டு என்னென்ன வேலை செய்கிறது? பாரத்தைத் தாங்குகிறது. அச்சை முன்பின் நகராமலும் பக்கவாட்டில் விலகாமலும் பிடித்துக்கொள்கிறது. பிரேக் போடும்போது அச்சு சுழலப் பார்ப்பதைத் தடுக்கிறது. வளைவில் வண்டி சாய்வதையும் ஓரளவு குறைக்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் குதிப்பும் அடங்குகிறது. இத்தனை வேலைக்கும் சேர்த்து நாம் கொடுக்கும் விலை, வளைத்துப் பதப்படுத்திய சிலிக்கான்-மாங்கனீசு எஃகு அடுக்கும் அதை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளும்தான். லண்டன் வண்டி கட்டுநர் ஒபதையா எலியட் 1804இல் தன் குதிரை வண்டிப் பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அடிப்படை யோசனை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. இவ்வளவு மலிவாக இத்தனை வேலை செய்யும் பொருளைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. பின் அச்சின் மேல் காலியாக 2 டன்னும் பாரத்தோடு 9 டன்னும் உட்காரும் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கப் பட்டைக்கட்டும் சேர்ந்து டன்னுக்கு 1 செ.மீ. அமுங்குகிறது என்று வைப்போம். காலியில் 2 செ.மீ., பாரத்தில் 9 செ.மீ. அப்படியானால் லாரி 7 செ.மீ. தாழும். அது பரவாயில்லை. ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள். ஒரு வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது அதன் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 9 செ.மீ. அமுங்கிய லாரி நொடிக்குச் சுமார் 1.7 முறை ஆடும், உடம்புக்கு இதமான ஆட்டம். 2 செ.மீ. மட்டும் அமுங்கிய காலி லாரி 3.5 முறை ஆடும். காலி லாரியில் தக்கலையிலிருந்து நாகர்கோவில் வந்து சேர்ந்தவருக்கு முதுகு வலிப்பது ஏன் என்பதற்கு இதுதான் பதில்.

சரி, காலியிலும் இதமாக ஆடட்டும் என்று பட்டையை மென்மையாக்கினால்? நொடிக்கு 1.5 முறை ஆட வேண்டுமானால் 2 டன்னுக்கே 11 செ.மீ. அமுங்க வேண்டும். அதே பட்டை 9 டன்னுக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர் அமுங்கும். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) போய் டயரில் உட்கார்ந்துவிடும். ஆகவே லாரிப் பட்டை கட்டியாக இருப்பது கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம் அல்ல. காலிக்கும் பாரத்துக்கும் உள்ள வித்தியாசம் நாலு மடங்குக்கு மேல் போகும் வண்டியில் வேறு வழி கிடையாது. மெயின் கட்டுக்கு மேலே ஹெல்பர் பட்டை வைத்து, குறிப்பிட்ட பாரத்துக்குப் பிறகு அது வந்து முட்டித் தாங்கும்படி செய்வது ஒரு சமாதானம். நம் லாரிகளில் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான்.

பட்டறைகளில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "அண்ணே, பின்னாடி ரொம்ப உக்காருது, ஒரு பட்டை கூட்டிப் போட்டுருங்க." எட்டுப் பட்டை உள்ள கட்டில் அதே கனத்தில் ஒன்பதாவதைச் சேர்த்தால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். நம் கணக்கில் 9 செ.மீ. அமுங்கியது 8 செ.மீ. ஆகும், அவ்வளவே. மிச்ச உயரம் தெரிந்தால் அது புதுப் பட்டையின் கூடுதல் வளைவால் வந்தது. அந்த வளைவு இரண்டொரு மழைக்காலத்தில் தளர்ந்துவிடும். காலியில் ஓடும்போதோ ஆட்டம் இன்னும் வெடுக்கென்று ஆகியிருக்கும். கனமான பட்டையாக மாற்றிப் போடுவது அதைவிட மோசம். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 10 மி.மீ. பட்டைகளை 12 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 73 சதவீதம் கூடிவிடும். பட்டை உடையாது, அதன் முனையைச் சேஸிஸில் மாட்டும் ஹேங்கரும் சேஸிஸும் வெடிப்பு விடும்.

இன்னொரு வழி, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போட்டு இறுக்குவது. இது பட்டையின் தன்மையை மாற்றாமல் உயரத்தை மட்டும் ஏற்றுகிறது என்பதால் நல்ல யோசனை போலத் தெரியும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது அச்சு பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளம் அந்தக் கட்டையின் உயரத்தால் கூடுகிறது. பட்டை எஸ் வடிவில் நெளியும். எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட் முனகத் தொடங்கும். முன் அச்சில் கட்டை வைத்தால் ஸ்டியரிங் ராடின் கோணமே மாறிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். முன்னச்சில் மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

இதையெல்லாம்விட ஆபத்தான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பல லாரிகளில் பின் பிரேக்குக்குப் போகும் காற்றை அளந்து விடும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். சேஸிஸ் தாழ்ந்திருந்தால் 'பாரம் இருக்கிறது' என்று புரிந்துகொண்டு பின் சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுக்கும். உயர்ந்திருந்தால் 'காலி வண்டி' என்று நினைத்துக் குறைத்துக் கொடுக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு இது. பட்டை கூட்டியோ கட்டை வைத்தோ உயரத்தை ஏற்றிவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், முழுப் பாரத்தோடு போகும் வண்டியைக் காலி என்றே வால்வு நம்பும். ரப்பர் தடி ஏற்றிய லாரி பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து குலசேகரத்துக்கு இறங்கும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்கிறது என்றால் அதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. உயரத்தைத் தொடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கம்பியை. பலரும் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை.

இனி உயரத்தை உண்மையாகவே மாற்றக்கூடிய ஏற்பாடுகளுக்கு வருவோம். எளிதானது, பட்டை இருக்கிற இடத்திலேயே இருக்க, சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவே ஏர் பலூன் வைப்பது. லாரியில் பிரேக்குக்காக ஏற்கெனவே காற்று இருக்கிறது. பலூனின் வேலை செய்யும் விட்டம் 25 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. 5 பார் அழுத்தத்தில் அது ஏறக்குறைய இரண்டரை டன் தூக்கும். பக்கத்துக்கு ஒன்று வைத்தால் 5 டன். பாரம் ஏறினால் காற்றை ஏற்று, இறங்கினால் விடு. காகிதத்தில் அழகாக இருக்கிறது.

இதில் ஒரு முடிச்சு உண்டு. பலூனால் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. பட்டை தானாக எந்த உயரத்தில் நிற்குமோ அதற்கு மேலே ஏற்றலாம், கீழே இறக்க முடியாது. காலி லாரி ஏற்கெனவே உயரமாக நிற்கிறது, அதைத் தாழ்த்தப் பலூனால் ஒன்றும் ஆகாது. இறக்கவும் ஏற்றவும் இரண்டும் வேண்டுமானால் முதலில் பட்டையை மெலிவாக்க வேண்டும், வளைவைக் குறைக்க வேண்டும். காற்று இல்லாதபோது காலி வண்டியே, அச்சு சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் உட்காரும் அளவுக்கு. அப்போதுதான் நடு உயரத்தில் ஓடும்போது பாரத்தின் பெரும்பங்கைக் காற்று சுமக்கும், பட்டை அச்சைப் பிடிக்கும் வேலையைப் பார்க்கும். முழுப் பட்டைக்கட்டையும் வைத்துக்கொண்டு பலூன் கிட் ஒன்றை வாங்கி மாட்டியவர்கள் "ஏத்துது, இறக்கல" என்று குறைபட்டால் குறை பலூனில் இல்லை.

இந்த யோசனையை ஒழுங்காக வளர்த்தெடுத்த வடிவம்தான் இன்று உலகம் முழுவதும் கனரக வண்டிகளில் காணப்படும் பாதிப் பட்டை ஏர் சஸ்பென்ஷன். பட்டையின் முன்முனை வழக்கம்போல ஹேங்கரில் புஷ் போட்டு நிற்கும். நடுவில் அச்சு யூ போல்ட்டால் கட்டியிருக்கும். பின்முனை மட்டும், வழக்கமாக அதைச் சேஸிஸில் மாட்டும் ஆடும் இணைப்பான சேக்கிளுக்குப் போகாமல் அச்சுக்குப் பின்னால் நீண்டு, அதன்மேல் பலூன் உட்காரும். முன் புஷ்ஷிலிருந்து அச்சு வரை 60 செ.மீ., அச்சிலிருந்து பலூன் வரை 40 செ.மீ. என்றால் அச்சின் பாரத்தில் 60 சதவீதம் பலூனுக்கும் 40 சதவீதம் முன் ஹேங்கருக்கும் போகும். பலூனுக்குச் சுமை குறைகிறது. அதற்கு ஈடாக, அச்சு 10 செ.மீ. ஏறினால் பலூன் 17 செ.மீ. அளவுக்கு நீளவும் சுருங்கவும் வேண்டியிருக்கிறது. அச்சைப் பிடிப்பது, பிரேக் முறுக்கைத் தாங்குவது, வளைவில் சாயாமல் பார்ப்பது ஆகியவற்றைப் பட்டை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. உயரம் மட்டும் காற்றின் கைக்குப் போய்விட்டது.

உயரத்தைக் காப்பது ஒரு சின்ன வால்வு. உடல் சேஸிஸில், கை அச்சில். சேஸிஸ் தாழ்ந்தால் கை மேலேறி, டேங்கிலிருந்து காற்று பலூனுக்குப் போகும். உயர்ந்தால் காற்று வெளியே போகும். ஒவ்வொரு குழிக்கும் காற்றை வீணாக்காமல் இருக்க நடுவே கொஞ்சம் சும்மா இருக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள். பாரம் ஏறும்போது அழுத்தம் கூடுகிறது, கூடவே பலூனின் விறைப்பும் கூடுகிறது. அதனால் காலியிலும் பாரத்திலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பட்டையால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாதது இது. 1953இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நெடுந்தூரப் பேருந்தில் காற்று வந்தது இதற்காகத்தான். 1955இல் பிரெஞ்சு சித்ரோயன் கார் எண்ணெயையும் வாயுவையும் கொண்டு தானே உயரம் சரிசெய்ததும் இதே நோக்கத்துக்குத்தான்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பட்டையை அப்படியே விட்டுவிட்டு, சேக்கிள் மாட்டும் முனையை ஹைட்ராலிக் ஜாக்கால் மேலும் கீழும் நகர்த்துவது. முனை 10 செ.மீ. நகர்ந்தால் நடுவில் உள்ள அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே 5 செ.மீ. மாறும். ஆனால் 140 செ.மீ. நீளப் பட்டை அப்போது 4 டிகிரி சாய்கிறது, அச்சும் கூடவே திரும்புகிறது. நின்றுகொண்டு சரக்கு ஏற்றும் டிரெய்லருக்கு ஒத்துவரும். ஓட்டும் அச்சுக்கு ஒத்துவராது. எண்ணெய் அமுங்காது என்பதால் ஆட்டத்திலும் எந்த முன்னேற்றமும் கிடையாது.

ஹைட்ராலிக்கின் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் முப்பந்தலுக்குப் போக வேண்டும். காற்றாலைக் கோபுரமும் இயந்திரக் கூடும் ஏற்றி வரும் பல அச்சு டிரெய்லர்களில் பட்டையே இருக்காது. ஒவ்வொரு அச்சு வரிசையிலும் சிலிண்டர்கள், மொத்தம் 60 செ.மீ. அளவுக்கு ஏறி இறங்கும். ஒரு பகுதியில் உள்ள சிலிண்டர்கள் எண்ணெய்க் குழாயால் இணைந்திருப்பதால், மேட்டில் ஏறிய சக்கரத்தின் கூடுதல் பாரம் மற்றவற்றுக்குப் பகிர்ந்துவிடும். நடையளவு வேகத்தில் போகும் வண்டிக்கு அது சரி. நெடுஞ்சாலையில் விரைந்து போகும் மீன் லாரிக்குப் பயன்படாது.

மீன் லாரியைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் சரக்கு எடுக்கும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வழியெல்லாம் சொட்டுகிறது. கடற்காற்று வேறு. தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் குமரி மாவட்டத்துக்கு உண்டு. அடுக்குப் பட்டைகளின் நடுவே தங்கும் ஈரம் துருவாகி, பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழிக்குப் பட்டை அசையவே அசையாது. பெரிய குழிக்குச் சட்டென்று விடும். துருக்குழியிலிருந்து வெடிப்பு தொடங்கி ஒருநாள் உடையும். இப்படி உரசல் மிகுந்த பட்டையில் உயரமும் நம்பகமாக இருக்காது. பாரம் ஏற்றி வந்த உயரமும் இறக்கி வந்த உயரமும் ஒரே எடைக்கு வேறுவேறாக நிற்கும். நடுவில் கனத்து முனையில் மெலியும் பாரபோலிக் பட்டை, எண்ணிக்கையில் குறைவு, ஒன்றையொன்று முனையைத் தவிர தொடுவதில்லை என்பதால் இங்கே நன்றாக உழைக்கும். ஷாக் அப்சார்பர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். உரசல் போய்விட்டதால் குதிப்பை அடக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

பேருந்துக்கு வருவோம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் கூடையோடு வரும் அம்மாமார், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் நோயாளிகள் எல்லாரும் ஏறுவது பெரும்பாலும் லாரி சேஸிஸின் வழிவந்த உயரத்தில் கட்டிய பேருந்துகளில்தான். சென்னையில் 2024இல் விட்ட தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் கதவுப் பக்கம் காற்றை விட்டுச் சாய்ந்து கொடுக்கும். இந்தியத் தரத்தில் தாழ்தளம் என்றால் தரையிலிருந்து 400 மி.மீ. அதை அப்படியே நம் ஊர்ச் சானல் (கால்வாய்) பாலத்து மேடுகளில் ஓட்டினால் அடி தட்டும் என்பது நியாயமான தயக்கம். ஆனால் தயக்கத்துக்கு விடையும் அதே பலூனில்தான் இருக்கிறது. மேட்டில் ஏற்றிக்கொள்ளலாம், நிறுத்தத்தில் இறக்கிக்கொள்ளலாம். பழைய உயரத் தளமாகவே இருந்தாலும், முழுக் காற்றோ பாதிப் பட்டையோ வைத்த பேருந்து காலியில் எகிறி நிற்காது. அந்த ஏழெட்டு செ.மீ. முட்டி வலிக்காரருக்குப் பெரிய வித்தியாசம்.

உரிமையாளர் தன் லாரியில் இதைத் தானே செய்துகொள்ளலாமா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே பட்டறையில் வெட்டி ஒட்டிச் செய்வதற்குப் பதில், தொழிற்சாலையிலிருந்தே அப்படி வரும் வண்டியைத் தேர்வதே சரி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 1996ஆம் ஆண்டு விதிப்படி ஓட்டும் இரட்டை அச்சுக்குப் பொதுவாக 18 டன் எல்லை. ஏர் சஸ்பென்ஷனோ அதற்கு இணையானதோ இருந்தால் 19 டன். இணையானது என்று ஏற்க, ஆட்டம் நொடிக்கு 2 முறைக்கு மேல் போகக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. சாலையைக் குறைவாகச் சேதப்படுத்துகிறவனுக்கு ஒரு டன் பரிசு. அங்கே லாரிக்காரர்கள் காற்றுக்கு மாறியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. 2018இல் நம் நாட்டில் நாலு டயர் ஒற்றை அச்சின் எல்லை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் ஏறியது. பட்டை வண்டிக்கும் அந்த ஏற்றம் கிடைத்ததால் காற்றுக்கு மாறும் அவசரம் யாருக்கும் வரவில்லை.

வராததற்கு வேறு காரணமும் உண்டு. பட்டை உடைந்தால் எந்த ஊர் ஓரத்திலும் மாற்றலாம். மெயின் பட்டை போனாலும் இரண்டாம் பட்டையின் முனை அதன் வளையத்தைச் சுற்றி வளைந்திருப்பதால் அச்சு உடனே கழன்று ஓடாது, மெதுவாக வீடு வந்து சேரலாம். கிரஷர் பாதையில் கூர்க்கல் குத்திப் பலூன் போனால் ஸ்டாப்பரில் உட்கார்ந்து ஊர வேண்டும், பாகம் எந்த ஊரிலிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிக எடையைப் பட்டை பொறுத்துக்கொள்கிறது. குமரியில் டாரஸ் லாரி (பல அச்சுக் கனரக லாரி) என்றாலே ஆளுக்கொரு கருத்து உண்டு. கல்லும் எம் சாண்டும் ஏற்றிக் களியக்காவிளை தாண்டும் அந்த வண்டிகளின் பொருளாதாரமே பட்டையின் இந்தப் பொறுமையில் நிற்கிறது. பட்டை ஒரு தராசு மாதிரி. ஏற்ற ஏற்றத் தாழும், மறுப்புச் சொல்லாது.

காற்று மறுப்புச் சொல்லும். கம்ப்ரஸர் தரும் அழுத்தத்துக்கு எல்லை உண்டு. அதற்கு மேல் பாரம் ஏறினால் வண்டி ஸ்டாப்பரில் உட்காரும், உயரமே வராது. எல்லைக்குள் இருக்கும்வரை, வண்டி தாழாததால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எடை தெரியாது. ஆனால் பலூன் அழுத்தம் எடைக்கு ஏற்ப ஏறுவதால் ஓட்டுநர் முன்னால் ஒரு கேஜ் வைத்தால் போதும், அச்சில் எத்தனை டன் என்று குவாரியை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துவிடலாம். பின் பிரேக்கின் வால்வும் அந்தக் கம்பியை நம்பாமல் இதே அழுத்தத்தை வாசித்துக்கொள்ளும். டிப்பர் ஓட்டுகிறவர் மட்டும் ஒரு பழக்கத்தை விடக் கூடாது. தொட்டியைத் தூக்கும் முன் காற்றை வெளியேற்றி வண்டியை ஸ்டாப்பரில் உட்கார வைக்க வேண்டும். தொட்டி மேலே நிற்கும்போது பலூனில் நின்றால் சின்னச் சாய்வும் பெரிதாகி, சரக்கு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்ட வண்டி கவிழ்ந்துவிடும்.